புதிதாக வாங்கிய மடக்கு மின்சைக்கிள்: ரயிலில் ஏற்றலாமா, வீட்டில் எங்கே சார்ஜ் செய்வது?

ரெய்னர்ஸ்லேன்_வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

வேலையிடத்தின் ‘சைக்கிள் டு வேர்க்’ திட்டத்தில், வரி கழிவதற்கு முன்பே சம்பளத்திலிருந்து மாதாமாதம் பிடித்துக்கொள்ளும் ஏற்பாட்டில், மூன்று வாரங்களுக்கு முன் ஒரு மடக்கு மின்சைக்கிள் வாங்கினேன். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்குச் சைக்கிளில் போய்வந்த காலத்துக்குப் பிறகு 26 ஆண்டுகளாக நான் சைக்கிள் மிதித்ததே இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆகவே மிக அடிப்படையான விடயங்களைக் கேட்டாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சைக்கிளுக்கு 20 அங்குலச் சில்லு, பின்சில்லின் நடுவில் 250 வாட் மோட்டார், கழற்றக்கூடிய 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பற்றரி. மொத்த எடை 19 கிலோ. வீட்டிலிருந்து லண்டனின் ரெய்னர்ஸ் லேன் நிலையம் வரை 2 கிலோமீற்றர், பின்பு நிலக்கீழ் ரயிலின் மெற்றோபொலிற்றன் பாதையில் லிவர்பூல் ஸ்ட்ரீட், அங்கிருந்து அலுவலகத்துக்கு இன்னொரு 2 கிலோமீற்றர் என்பதுதான் என் பயணம்.

முதற் குழப்பம் ரயில் பற்றியது. 2025 பெப்ரவரி 27 அன்று எங்கள் நிலையத்தின் மேடையிலேயே ஒரு மின்சைக்கிள் தீப்பற்றி எரிந்ததை இங்குள்ள பலரும் அறிவீர்கள். அதற்குப் பின் தடை வந்தது என்பதும் தெரியும். என் சைக்கிளைக் காணும் அயலவர்கள் எல்லாரும் “இதை ரயிலில் ஏற்ற விடமாட்டார்களே” என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். கடைக்காரரோ மடக்கினால் பிரச்சினை இல்லை என்கிறார். எது சரி?

இரண்டாவது, நாங்கள் இரண்டாம் மாடியில் வசிக்கிறோம். வசதியான பிளக் பொயின்ட் வாசற்கதவை ஒட்டிய நடைவழியில்தான் இருக்கிறது. இரவு பத்து மணிக்கு இணைத்துவிட்டுப் படுத்தால் காலையில் நிறைந்திருக்கும் என்பது என் எண்ணம். கணவர் அதற்கு ஒரேயடியாக மறுப்புச் சொல்கிறார். இணையத்தில் பாதி விலைக்குக் கிடைக்கும் இரண்டாவது பற்றரி ஒன்றை வாங்கி அலுவலகத்தில் வைத்துக்கொள்ளலாமா என்றும் யோசிக்கிறேன்.

கடைசியாக, பள்ளத்தில் ஏறி இறங்கும்போது சட்டகம் மடியும் இடத்திலிருந்து ‘கிறீச்’ என்ற சத்தம் வருகிறது. சிவப்பு விளக்கில் நிற்கும்போது கால் சற்று அசைந்தால் சைக்கிள் முன்னே பாய்கிறது. ஒருமுறை முன்னால் நின்ற வாகனத்தில் மோதப் பார்த்தேன். இவை இரண்டும் இயல்பானவையா, அல்லது திருப்பிக் கொடுக்க வேண்டிய பழுதுகளா?

---

கிரீன்ஃபர்ட்_சில்லு எழுதியது:

தங்கச்சி, கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்றவை தாமதத்தையோ செலவையோ தரக்கூடியவை. இந்தச் சத்தம் ஆளை விழுத்தக்கூடியது.

சட்டகம் மடியும் பிணைச்சலைப் பூட்டும் நெம்பை உங்கள் உள்ளங்கையால் அழுத்தித்தான் மூட வேண்டியிருக்க வேண்டும். ஒரு விரலால் தள்ளி மூட முடிந்தால் அது தளர்வாக இருக்கிறது என்று பொருள். புதிய சைக்கிளில் முதல் 100 அல்லது 150 கிலோமீற்றருக்குள் இந்த இடம் சிறிது இளகுவது வழமை. பெரும்பாலான மாதிரிகளில் நெம்பின் அடியில் ஒரு சிறிய நட்டோ திருகாணியோ இருக்கும். அதைக் கால் சுற்று மட்டும் இறுக்கி, நெம்பை மூடிப் பார்த்து, போதாவிட்டால் இன்னொரு கால் சுற்று இறுக்குங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் கொளுக்கியே வெடித்துவிடும் என்பதால், உங்களுடன் வந்த கையேட்டில் இறுக்க அளவு தரப்பட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். இறுக்கிய பின்பும் சத்தம் நிற்காவிட்டால், மூட்டைத் திறந்து இரண்டு முகங்களையும் துணியால் துடைத்து, பற்றவைப்பு ஓரங்களில் மயிரிழை போன்ற வெடிப்பு உண்டா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். வெடிப்பு இருந்தால் அன்றிலிருந்தே ஓட்டக் கூடாது. சைக்கிள் கடைக்குத் திரும்ப வேண்டும்.

கைபிடித் தண்டின் மடிப்புக்கும் இதே கவனம் தேவை. நான் வாங்கிய முதல் மாதத்தில் ஒரு காலை அவசரத்தில் அந்தக் கொளுக்கியைப் பாதி மட்டும் மூடிவிட்டு ஏறினேன். வீட்டு வாசலைத் தாண்டும் முன்பே கைபிடி முன்னால் சரிய, இரண்டு முழங்கால்களும் தேய்ந்ததோடு தப்பினேன். அன்றிலிருந்து ஏறுமுன் கைபிடியைப் பிடித்து ஒருமுறை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்ப்பேன். மூன்று விநாடிதான் ஆகும். இருக்கைத் தண்டில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச உள்நுழைவுக் கோடு வெளியே தெரியும்படி உயர்த்தக் கூடாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விளக்கில் முன்னே பாய்வது பழுது அல்ல. விலை குறைந்தவையும் நடுத்தர விலையுள்ளவையுமான பல மின்சைக்கிள்களில், நீங்கள் எவ்வளவு பலத்துடன் மிதிக்கிறீர்கள் என்பதை அல்லாமல், மிதி சுற்றுகிறதா இல்லையா என்பதை மட்டும் அறியும் காந்த உணரிதான் இருக்கிறது. மிதி கொஞ்சம் நகர்ந்தாலே அது மோட்டாரை எழுப்பிவிடும். நிறுத்தும்போதும் அரை விநாடி தாமதமாகவே அடங்கும். நிற்கும்போது ஒரு பிறேக் நெம்பை இலேசாகப் பிடித்துக்கொண்டே இருங்கள். மின்சைக்கிள்கள் பலவற்றில் பிறேக்கைத் தொட்டதும் மோட்டார் துண்டிக்கப்படும். உங்களுடையதிலும் அந்த வசதி உண்டா என்று கடையில் கேட்டு உறுதி செய்யுங்கள். விளக்குக்கு அருகே வரும்போதே கியரையும் மோட்டாரின் உதவி நிலையையும் குறைத்துவிட்டால், புறப்படும்போது அந்தத் தாவல் பாதியாகக் குறையும்.

இதே காரணத்தால், மடக்குவதற்கு முன் மின்சாரத்தை அணைப்பதைப் பழக்கமாக்குங்கள். மடக்கும்போது மிதி எங்காவது இடித்துச் சுற்றினால், தூக்கிய நிலையிலேயே பின்சில்லு சுழலத் தொடங்கும். கம்பிகளுக்கிடையே விரல் இருந்தால் என்ன ஆகும் என்று நான் எழுதத் தேவையில்லை.

இனி ரயில். கடைக்காரர் சொன்னதுதான் சரி. 2025 மார்ச் 31 முதல் நிலக்கீழ் ரயில், ஓவர்கிரவுண்ட், எலிசபெத் பாதை, டிஎல்ஆர் ஆகிய லண்டன் ரயில் சேவைகளில் தடை செய்யப்பட்டிருப்பவை மடங்காத மின்சைக்கிள்கள். சாதாரண சைக்கிளில் தனியாக வாங்கிய மோட்டாரையும் பற்றரியையும் பூட்டி மாற்றியவைதான் அதிகம் தீப்பிடிக்கின்றன, மடக்குச் சைக்கிள்கள் அவ்வாறு மாற்றப்படுவது அரிது என்பதே இந்த விலக்குக்குச் சொல்லப்பட்ட காரணம். உங்கள் அயலவர்கள் இதை மின் ஸ்கூட்டருடன் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன். 2021 டிசம்பர் 13 முதல் ஸ்கூட்டரை மடக்கினாலும் கொண்டுபோக முடியாது.

ஆனால் விலக்கு உங்களுக்கு உண்டு என்பதற்காக, சைக்கிளை உருட்டிக்கொண்டு நிலையத்துக்குள் போய் மேடையில் மடக்கலாம் என்று எண்ணாதீர்கள். தெருவிலேயே மடக்கி, அணைத்து, மடங்கிய நிலையிலேயே உள்ளே செல்லுங்கள். மெற்றோபொலிற்றன் ரயில்களுக்குள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்துபோகலாம் என்பதால், கூட்டமான பெட்டியில் ஏறிவிட்டாலும் உள்ளேயே இடம் தேடி நகரலாம். சக்கர நாற்காலிக்கான இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டு நிற்காதீர்கள். பேருந்தில் ஏற்றுவது ஓட்டுநரின் விருப்பம். அவர் வேண்டாம் என்றால் விவாதிப்பதில் பயனில்லை.

---

சேலத்து_மின்பொறியாளன் எழுதியது:

வணக்கம் சகோதரி. பேட்டரி விஷயத்தில் உங்கள் கணவர் சொல்வதுதான் சரி. அதோடு நல்ல செய்தி ஒன்றும் இருக்கிறது: நீங்கள் இரவு முழுவதும் சார்ஜ் செய்ய வேண்டிய அவசியமே இல்லை.

36 வோல்ட்டை 10 ஆம்பியர்-மணியால் பெருக்கினால் 360 வாட்-மணி வரும். உங்களுடையதைப் போன்ற சைக்கிள், மிதித்துக்கொண்டே ஓட்டினால், சமதரையில் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 10 வாட்-மணி எடுக்கும். ஹாரோ குன்றின் மேல் ஏறினால் அதைவிடக் கூடுதலாகும். நீங்கள் ஒரு நாளைக்கு ஓட்டுவது மொத்தம் 8 கிலோமீட்டர் என்றால் செலவாவது 80 வாட்-மணி மட்டுமே. அதாவது ஒரு முறை நிரப்பினால் நான்கு வேலை நாட்கள் ஓடும். வழக்கமான 2 ஆம்பியர் சார்ஜரில், இரண்டு நாள் ஓட்டத்துக்கான மின்சாரம் ஏறுவதற்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். மாலையில் சமையல் முடிந்து எல்லோரும் விழித்திருக்கும் நேரத்திலேயே அந்த வேலை முடிந்துவிடும். முழுக்கக் காலியான பேட்டரியை நிரப்பினாலும் மின்கட்டணம் பத்து பென்ஸ் அளவில்தான் வரும் என்பதால், மலிவுக் கட்டண நேரம் என்று நள்ளிரவுக்காகக் காத்திருப்பதிலும் பொருளில்லை.

நடைவழியில் ஏன் கூடாது என்பதை விளக்குகிறேன். உங்கள் பேட்டரியின் உள்ளே, விரல் நீளத்தைவிடச் சற்றுச் சிறிய உருளை வடிவச் செல்கள் பத்து வரிசைகளாக, பொதுவாக நாற்பது இருக்கும். அவற்றில் ஒன்று உட்பழுதால் அளவு கடந்து சூடானால், அதன் வெப்பம் பக்கத்துச் செல்லைத் தூண்டும். அது அடுத்ததைத் தூண்டும். தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் இந்தச் சங்கிலியைச் சாதாரண வீட்டுத் தீயணைப்பானால் நிறுத்த முடியாது. நச்சுப் புகை சில விநாடிகளில் அறையை நிறைத்துவிடும். வாசற்கதவு அருகே இது நடந்தால் இரண்டாம் மாடியிலிருந்து நீங்கள் வெளியேறும் ஒரே வழி அடைபட்டுவிடும். லண்டன் தீயணைப்புப் படை, வெளியேறும் வழியிலும் உறங்கும் நேரத்திலும் சார்ஜ் செய்யாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வதன் காரணம் இதுதான். 2023ஆம் ஆண்டில் மின்சைக்கிள், மின் ஸ்கூட்டர் தீ விபத்துகளுக்காக அவர்கள் சராசரியாக இரண்டு நாளுக்கு ஒரு முறை செல்ல நேர்ந்தது.

கூடத்தில் கம்பளம், திரைச்சீலை, சோபா ஆகியவற்றிலிருந்து விலகிய கடினமான தரைப்பகுதியைத் தேர்ந்தெடுங்கள். அந்த அறையில் புகை எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று பொத்தானை அழுத்திப் பாருங்கள். வீட்டுக்கு வந்தவுடன் இணைக்காமல் பேட்டரி ஆறும் வரை விடுங்கள். குளிர்காலத்தில் வெளியே உறைந்து கிடந்த பேட்டரியையும், அறையின் வெப்பத்துக்கு வந்த பிறகே இணைக்க வேண்டும். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் லித்தியம் உலோகமாகவே உள்ளே படியும். அந்தச் சேதம் வெளியே தெரியாது, திரும்பவும் சரியாகாது. நிறைந்ததும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தில் மின்சைக்கிள் பற்றி ஏதாவது நிபந்தனை இருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பார்ப்பதும் நல்லது.

பாதி விலைப் பேட்டரியை வாங்காதீர்கள். தேவையும் இல்லை என்பதை மேலே உள்ள கணக்கே காட்டுகிறது. தேவை வந்தால்கூட, சைக்கிள் தயாரிப்பாளர் விற்கும் பேட்டரியை மட்டுமே வாங்க வேண்டும். மலிவான பேட்டரிகளின் உள்ளே பழைய செல்களும் புதிய செல்களும் கலந்திருக்கலாம். செல்களின் மின்னழுத்தத்தைக் கண்காணித்துத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுற்று பெயருக்கு மட்டும் இருக்கலாம். பிரித்துப் பார்க்காமல் உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் சொல்ல முடியாது.

சார்ஜரைக் கைமாற்றிப் பயன்படுத்துவது இன்னும் மோசமானது. 36 வோல்ட் பேட்டரியின் சார்ஜர் 42 வோல்ட் வரை தரும்; 48 வோல்ட் பேட்டரியின் சார்ஜர் 54.6 வோல்ட் வரை தரும். இரண்டின் முனையும் ஒரே அளவில் இருக்கலாம் என்பதால், நண்பர் வீட்டில் இருந்ததைச் சொருகினாலும் சரியாகவே பொருந்திவிடக்கூடும். அப்போது 4.2 வோல்ட்டில் நிற்க வேண்டிய ஒவ்வொரு செல்லின் மீதும் 5.4 வோல்ட்டுக்கு மேல் விழும். பாதுகாப்புச் சுற்று அதைத் தடுத்தால் பிழைத்தீர்கள். உங்கள் சார்ஜரின் மேல் சைக்கிளின் பெயரையும் ‘42’ என்ற எண்ணையும் ஒட்டி வையுங்கள்.

---

வேகம்_விரும்பி எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் மணிக்கு 25 கிலோமீற்றரில் மோட்டார் நின்றுவிடுவது நகரத்தில் பெரிய தொல்லை என்பதை யாரும் சொல்லவில்லையே. என் சைக்கிளின் திரையில் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் வரும் பட்டியலில் வேக எல்லையை 32 ஆக மாற்றிக்கொள்ள முடிந்தது. வாகனங்களின் ஓட்டத்தோடு சேர்ந்து போவதே பாதுகாப்பு என்பது என் அனுபவம். யாரும் என்னை இதுவரை நிறுத்தியதில்லை.

---

கிரீன்ஃபர்ட்_சில்லு எழுதியது:

தம்பி, நிறுத்தியதில்லை என்பது சட்டம் அனுமதிக்கிறது என்பதற்குச் சான்று அல்ல. புதிதாக வாங்கியவர் கேட்டிருக்கும் இடத்தில் இதை மறுக்காமல் விட முடியாது.

இந்த நாட்டில் மின்சைக்கிளுக்கு ஓட்டுநர் உரிமம், பதிவு, காப்புறுதி, வரி எதுவும் வேண்டாம். ஓட்டுபவருக்கு 14 வயது நிரம்பினால் போதும். ஆனால் இந்தச் சலுகை, மிதிகள் இருந்து, மோட்டாரின் தொடர்ச்சியான வலு 250 வாட்டுக்கு மேற்படாமல், மணிக்கு 15.5 மைலில் அதன் உதவி நின்றுவிடும் சைக்கிளுக்கு மட்டுமே உரியது. 1983ஆம் ஆண்டின் விதிகளில் 200 வாட்டாக இருந்த எல்லையை 2015இல்தான் 250 ஆக உயர்த்தினார்கள். நீங்கள் திரையில் 32 என்று மாற்றிய கணத்தில் உங்கள் சைக்கிள் சட்டத்தின் கண்ணில் மோட்டார் சைக்கிளாகிவிடுகிறது. காப்புறுதி இல்லாத மோட்டார் வாகனத்தை ஓட்டினால் 300 பவுண் அபராதமும், ஓட்டுநர் உரிமத்தில் ஆறு தண்டப் புள்ளிகளும் வரும். பொலிசார் சைக்கிளைப் பறிமுதல் செய்யவும் முடியும். கார் ஓட்டிப் பிழைப்பவருக்கு அந்த ஆறு புள்ளிகளின் கனம் தெரியும். யாரையாவது மோதிவிட்டால் வரும் நட்டஈட்டுக் கணக்கு தனி.

சட்டத்தை விட்டாலும், மடக்குச் சைக்கிளில் இந்த வேகமே போதுமானது. 20 அங்குலச் சில்லு பெரிய சில்லைவிடப் பள்ளத்துக்குள் ஆழமாக இறங்கும். கைபிடி நீண்டு மெல்லியதாக இருப்பதால் சிறு திருப்பத்துக்கும் சட்டென்று விலகும். பிறேக் போடும்போது உடல் முன்னே தள்ளப்படுவதும் அதிகம். 26 ஆண்டுகளுக்குப் பின் ஏறும் ஒருவர் முதல் ஒரு மாதம் உதவியை மிகக் குறைந்த நிலையில் வைத்து, ஒரு கையை எடுத்துச் சைகை காட்டும்போது சைக்கிள் எப்படி நடந்துகொள்கிறது என்பதை வாகனம் இல்லாத இடத்தில் பழகிக்கொள்வதே நல்லது. ஊரில் போலவே இங்கும் வலக்கை நெம்புதான் முன்பிறேக் என்பது நமக்கு ஓர் ஆறுதல். கால்வாய்க் கரைப் பாதையில் பழகலாமா என்று பலர் கேட்பார்கள். அங்கே நடப்பவர்களுக்கே முன்னுரிமை, பாலங்களின் கீழ் எதிரே வருபவர் தெரியவும் மாட்டார். ஞாயிறு காலையில் ஒரு வெறுமையான வாகனத் தரிப்பிடம் அதைவிட நல்லது.

கால்வாய் என்றதும் ஒரு கதை நினைவுக்கு வருகிறது. ஆல்பர்டன் பக்கம் கிராண்ட் யூனியன் கால்வாய்க் கரையில் போய்க்கொண்டிருந்தபோது பின்சில்லில் முள் ஏறிக் காற்றுப் போய்விட்டது. புதிய ரியூப் கையில் இருந்தது, பம்ப் இருந்தது. ஆனால் மோட்டார் உள்ள சில்லு சாதாரண சில்லைப் போல ஒரு நெம்பைத் திறந்தால் கழன்று வராது. அச்சின் இருபுறமும் கனமான நட்டுகள் இருக்கும். என் சைக்கிளில் அவை 18 மில்லிமீற்றர், என்னிடம் இருந்ததோ 15. சைக்கிளை உருட்டிக்கொண்டு வீடுவரை நடந்தேன். மறுநாள் அருகிலுள்ள கடைக்குக் கொண்டுபோனால், தாங்கள் விற்காத மின்சைக்கிளைத் தொடுவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்படிச் சொல்லும் கடைகள் பல உண்டு. ஆகவே முதற் பராமரிப்பை யார் செய்து தருவார்கள் என்பதை வாங்கிய கடையிலேயே இப்போதே கேட்டு வையுங்கள்.

சரியான அளவுள்ள ஸ்பானர் ஒன்றைப் பையில் வையுங்கள். கழற்றும் முன் மோட்டாரின் வயர் இணைப்பு எங்கே இருக்கிறது, எந்த அம்புக்குறிக்கு எந்த அம்புக்குறி நேராக வர வேண்டும் என்பதைக் கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். அச்சு தானாகச் சுழலாமல் தடுக்கும் பல்லுள்ள வளையத்தை எந்தப் பக்கம் பார்த்து மாட்டியிருந்ததோ அப்படியே திரும்ப மாட்ட வேண்டும். அது இல்லாமல் ஓட்டினால் மோட்டாரின் விசையே அச்சைச் சுழற்றி வயரை அறுத்துவிடும். ரியூப் வாங்கும்போது ‘20 அங்குலம்’ என்று மட்டும் கேட்காதீர்கள், ஏனெனில் அந்தப் பெயரில் 406, 451 என இரண்டு அளவுகள் இருக்கின்றன; ரயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். அதே இடத்தில் காற்றழுத்த அளவும் இருக்கும். சிறிய சில்லில் காற்றின் அளவே குறைவு என்பதால் வாரம் ஒருமுறை பார்த்து அடித்தால், பாதிக்கு மேற்பட்ட ரியூப் பிரச்சினைகள் வராமலே போகும். பின்சில்லின் கம்பிகளையும் இவ்விரண்டாகச் சேர்த்து நசித்துப் பாருங்கள். மோட்டாரின் பாரத்தால் அவை முதல் சில வாரங்களில் இளகுவது வழமை.

---

ஆல்பர்டன்_படிக்கட்டு எழுதியது:

அக்கா, 19 கிலோவை இரண்டாம் மாடிக்குத் தினமும் தூக்குவது பற்றி யாரும் பேசாததால் நான் சொல்கிறேன். பற்றரியைக் கழற்றி முதுகுப் பையில் போட்டுக்கொண்டால் கையில் தூக்கும் எடை இரண்டு, மூன்று கிலோ குறையும். மடக்கிய சைக்கிளை இருக்கைத் தண்டில் பிடித்துத் தூக்காமல், சட்டகத்தின் நடுப்பகுதியில் எடை சமநிலையாகும் இடத்தைக் கண்டுபிடித்து, சங்கிலி வெளிப்புறமாக இருக்கும்படி பிடியுங்கள். உடுப்பில் எண்ணெய் படாது. படிக்கட்டு உள்ள நிலையத்தைத் தவிர்க்க முடியுமானால் தவிருங்கள். மின்தூக்கி உள்ள நிலையத்துக்கு உதாரணமாக, கிரீன்ஃபர்ட் நிலையத்தில் நகரும் படிக்கட்டின் சரிவிலேயே சாய்வாக ஏறி இறங்கும் மின்தூக்கி 2015 முதல் இருக்கிறது.

தெருவில் பூட்டிவிட்டுப் போக வேண்டாம், கூடவே கொண்டுபோங்கள். அதற்காகத்தானே மடக்குச் சைக்கிள் வாங்கினோம். தவிர்க்க முடியாமல் பூட்ட வேண்டி வந்தால் ‘சோல்ட் செக்கியூர்’ தரச்சான்றில் கோல்ட் அல்லது டயமண்ட் நிலை பெற்ற பூட்டைப் பயன்படுத்தி, சட்டகத்தையும் பின்சில்லையும் சேர்த்துப் பூட்டி, பற்றரியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மிதிகளின் நடுவே, சட்டகத்தின் அடியில் இருக்கும் தொடர் எண்ணைக் குறித்து ‘பைக் ரெஜிஸ்டர்’ தளத்தில் இன்றே பதிவு செய்யுங்கள். வீட்டுப் பொருட்களுக்கான காப்புறுதி மின்சைக்கிளையும் உள்ளடக்குகிறதா என்று கேளுங்கள். தனியாகக் குறிப்பிட்டால்தான் சேரும் என்று என் காப்புறுதியில் சொன்னார்கள்.

---

ரெய்னர்ஸ்லேன்_வாசகி எழுதியது:

எல்லாருக்கும் மிகுந்த நன்றி. நெம்பு உண்மையில் ஒரு விரலால் மூடும் அளவுக்குத் தளர்வாகத்தான் இருந்தது. கால் சுற்று இரண்டு முறை இறுக்கியதும் சத்தம் நின்றுவிட்டது. வெடிப்பு எதுவும் இல்லை. இரண்டாவது பற்றரி எண்ணத்தைக் கைவிட்டேன். சார்ஜரைக் கூடத்தின் மூலைக்கு மாற்றியாயிற்று. கணவர் வெற்றிப் புன்னகையுடன் திரிகிறார்.

இன்னும் ஒன்றைக் கேட்க விடுபட்டது. வரும் ஆகஸ்டில் நாங்கள் ஒரு மாதம் யாழ்ப்பாணம் போகிறோம். அங்கே சமதரைதானே, இந்தச் சைக்கிளை மடக்கிப் பெட்டியில் போட்டு விமானத்தில் கொண்டுபோக முடியுமா? முடியாவிட்டால் ஒரு மாதம் வீட்டில் பூட்டிக் கிடக்கும் பற்றரியை எப்படி விட்டுச் செல்வது?

---

சேலத்து_மின்பொறியாளன் எழுதியது:

பேட்டரியுடன் முடியாது சகோதரி. பயணிகள் விமானத்தில் 100 வாட்-மணிக்கு மேல் 160 வரை உள்ள லித்தியம் பேட்டரிகளுக்கு விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 160க்கு மேற்பட்டவை கைப்பையிலும் ஏற்கப்படமாட்டா, பெட்டியிலும் ஏற்கப்படமாட்டா. உங்களுடையது 360. பேட்டரி இல்லாமல் சைக்கிளை மட்டும் விளையாட்டு உபகரணமாகப் பதிவு செய்து கொண்டுபோகலாம். ஆனால் உதவி இல்லாத மோட்டாரின் எடையையும் சேர்த்து ஒரு மாதம் மிதிப்பதற்கு அங்கேயே ஒரு சாதாரண சைக்கிளை இரவல் வாங்குவது எளிது. நானும் சேலத்துக்குப் போகும்போது தம்பியின் சைக்கிளைத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

பேட்டரியை நிரப்பி வைத்துவிட்டுப் போகாதீர்கள், காலியாகவும் விடாதீர்கள். நிறைந்த நிலையில் நீண்ட நாள் கிடந்தால் செல்கள் விரைவில் முதுமையடையும். காலியாகக் கிடந்தால் மின்னழுத்தம் மீள முடியாத அளவுக்கு இறங்கிவிடக்கூடும். புறப்படும் வாரத்தில் 40 முதல் 60 சதவீதத்துக்குள் வருமாறு ஓட்டிவிட்டு, சைக்கிளிலிருந்து கழற்றி, ஆகஸ்ட் வெயில் நேராக விழாத அறையில், சார்ஜரிலிருந்து பிரித்து வையுங்கள். திரும்பி வந்து முதல் முறை சார்ஜ் செய்யும்போது பக்கத்திலேயே இருந்து, வழக்கத்துக்கு மாறாகச் சூடாகிறதா, உறை எங்காவது உப்பியிருக்கிறதா, இனிப்பு கலந்த இரசாயன வாசனை வருகிறதா என்று கவனியுங்கள். அப்படி ஏதாவது தென்பட்டால் சார்ஜரைச் சுவர்ப் பிளக்கில் அணைத்துவிட்டு, அந்த பேட்டரியை மறுபடி பயன்படுத்தாமல் விற்ற கடையைத் தொடர்புகொள்ளுங்கள். வீட்டுக் குப்பைத்தொட்டியில் மட்டும் போட்டுவிடாதீர்கள். புகையே வந்துவிட்டால் அதைத் தூக்க முயலாமல், கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் வெளியேறி அவசர அழைப்பு எண்ணான 999ஐ அழைக்க வேண்டும்.